புதிய தயாரிப்பாளருடன் முதல் ஆல்பம்: ராக் குழுவினருக்கான வழிகாட்டி

அமெரிக்க ராக் குழுவான மெட்டாலிகா 1990ஆம் ஆண்டில் கனடாவைச் சேர்ந்த பாப் ராக் என்ற தயாரிப்பாளரை அணுகியபோது, தங்கள் அடுத்த ஆல்பத்துக்கு அவர் மிக்சிங் (பதிந்த ஒலிகளைக் கலந்து தரும் வேலை) மட்டும் செய்து கொடுத்தால் போதும் என்றே குழுவினர் நினைத்திருந்தார்கள். மோட்லி க்ரூ குழுவுக்காக அவர் 1989இல் செய்த ஆல்பத்தின் கனமான ஒலி அவர்களைக் கவர்ந்திருந்தது. ராக்கோ, மேடையில் உங்களிடம் இருக்கும் வலு உங்கள் ஆல்பங்களில் இன்னும் பதிவாகவில்லை என்று நேராகச் சொல்லி, முழுத் தயாரிப்புப் பொறுப்பையும் தானே ஏற்பதாகக் கூறினார். குழுவினர் சம்மதித்தார்கள். 1991இல் வெளிவந்த அந்த ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 60 இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. ஆனால் அதை உருவாக்கிய மாதங்கள் முழுவதும் இரு தரப்பினரும் மோதிக்கொண்டே இருந்தார்கள். இனி இவரோடு வேலை செய்வதில்லை என்று குழுவினர் முடிவெடுத்து, பிறகு அந்த முடிவை மறந்து, 2003ஆம் ஆண்டு ஆல்பம் வரை அவரோடுதான் வேலை செய்தார்கள்.

புதிய தயாரிப்பாளர் ஒருவர் வந்தால் உரசல் வரத்தான் செய்யும். அது வரக்கூடாது என்று விரும்புகிற குழு பழைய முறையிலேயே இன்னொரு ஆல்பத்தைச் செய்துவிட்டுப் போகலாம். கவனிக்க வேண்டியது, அந்த உரசல் எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதை மட்டுமே. பயிற்சி அறையில் வந்தால் ஒரு மாலைப் பொழுது போகும். மணிக்கணக்கில் வாடகை ஓடும் ஸ்டுடியோவில் வந்தால் கைப்பணம் போகும். மிக்சிங் முடிந்த பிறகு வந்தால் சில வேளை குழுவே கலைந்துபோகும். கீழே சொல்லப்படும் படிகள் அனைத்தும் கருத்து வேறுபாடுகளை முடிந்தவரை முன்கூட்டியே வெளியே கொண்டுவருவதற்கானவை.

தயாரிப்பாளரின் வேலை எதுவரை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் திரைத்துறையோடு பழகியவர்களுக்குத் தயாரிப்பாளர் என்றவுடன் பணம் போடுபவரே நினைவுக்கு வருவார். ராக் இசையில் பணத்தை இசை நிறுவனமோ குழுவோ போடுகிறது. ஆல்பத் தயாரிப்பாளரின் வேலை திரைப்பட இயக்குநரின் வேலைக்கு நெருக்கமானது. எந்தப் பாடல்களைப் பதிவது, எந்த வேகத்தில், எந்தச் சுருதியில் பதிவது, எந்த டேக் (ஒரு முறை வாசித்துப் பதிந்தது) போதுமானது, எங்கே இன்னொரு கிட்டார் வேண்டும், எங்கே இருப்பதையே நீக்க வேண்டும் என்பன போன்ற முடிவுகளை அவர் எடுக்கிறார் அல்லது எடுக்க வைக்கிறார். பணமும் நாள்களும் தீர்வதற்குள் வேலையை முடிக்கும் பொறுப்பும் அவருடையதே. மைக் வைப்பது, ஒலி அளவைச் சரிசெய்வது, பதிவது ஆகியவை ஒலிப்பதிவுப் பொறியாளரின் வேலை. பதிந்த தடங்களைக் கலந்து இறுதி வடிவம் தருவது மிக்சிங் பொறியாளரின் வேலை. குறைந்த செலவில் நடக்கும் பதிவுகளில் இம்மூன்றையும் ஒருவரே செய்வது வழக்கம். அப்படியானால் அதை முதலிலேயே கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். மிக்சிங் கட்டணம் தனி என்பது கடைசி வாரத்தில் தெரியவருவது விரும்பத்தக்கதல்ல.

தயாரிப்பாளர்கள் எல்லோரும் ஒரே அளவுக்குத் தலையிடுவதில்லை. ஒரு முனையில் ஸ்டீவ் அல்பினி இருந்தார். தன்னைத் தயாரிப்பாளர் என்று குறிப்பிடுவதையே விரும்பாத அவர், குழு வாசிப்பதை உள்ளபடி பதிந்து கொடுப்பதே தன் கடமை என்று கருதினார். நிர்வானா குழுவின் மூன்றாவது ஆல்பத்தை 1993 பிப்ரவரியில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள ஒரு ஸ்டுடியோவில் ஏறக்குறைய இரண்டு வாரங்களில் பதிந்து, மிக்சிங்கும் செய்து முடித்தார். மறு முனையில் மட் லாங் இருக்கிறார். டெஃப் லெப்பர்ட் குழு 1987இல் வெளியிட்ட ஆல்பத்துக்கு, இடையில் நேர்ந்த விபத்துகளும் தடைகளும் சேர்ந்து, மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயின. கிட்டாரில் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுதியை) ஒரே தட்டலில் வாசிக்கவிடாமல், அதன் சுரங்களைத் தனித்தனியாகப் பதிந்து அடுக்கும் அளவுக்கு அவர் நுணுக்கம் பார்த்தார். இரண்டு முறைகளும் நல்ல ஆல்பங்களைத் தந்திருக்கின்றன. அல்பினியைப் போன்றவரிடம் அரைகுறையாக எழுதிய பாடல்களோடு போகிற குழுவும், லாங்கைப் போன்றவரிடம் தன் டெமோவில் (மாதிரிப் பதிவில்) ஒரு சுரத்தையும் மாற்றக்கூடாது என்ற பிடிவாதத்தோடு போகிற குழுவும்தான் ஏமாற்றத்தைத் தேடிக்கொள்கின்றன.

தேடுவதற்கு முன் உங்கள் குறையை எழுதுங்கள்

தயாரிப்பாளரைத் தேடத் தொடங்கும் முன், குழுவினர் ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு தாளில், இதுவரை செய்த பதிவுகளில் எது குறைகிறது என்று இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதி, பிறகு ஒன்றாக உட்கார்ந்து படிக்க வேண்டும். டிரம்மர் ஒலியைப் பற்றியும், பாடகர் பாடல் வரிகளைப் பற்றியும், கிட்டார் கலைஞர் பாடகரைப் பற்றியும் எழுதியிருப்பார். இந்த முதல் சண்டையைத் தயாரிப்பாளர் வருவதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

யூ2 குழு 1980 முதல் 1983 வரை தன் முதல் மூன்று ஆல்பங்களையும் ஸ்டீவ் லில்லிவைட் என்ற தயாரிப்பாளருடன் செய்தது. மூன்றாவது ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்த பிறகு, அதே வழியில் நான்காவதையும் செய்திருக்கலாம். ஆனால் நேரடியான, உரத்த ராக் ஒலியைத் தாண்டிச் செல்ல விரும்பிய குழுவினர் இசைக்கலைஞரும் தயாரிப்பாளருமான பிரையன் ஈனோவைத் தேடிப் போனார்கள். ஈனோ முதலில் தயங்கினார். பிறகு தன்னோடு டேனியல் லான்வா என்ற தயாரிப்பாளரையும் அழைத்துவந்தார். குழுவின் இசை நிறுவனத் தலைவர் கிறிஸ் பிளாக்வெல்லுக்கு இந்தத் தேர்வில் விருப்பமில்லை. அப்படிப் பிறந்த 1984ஆம் ஆண்டு ஆல்பத்தின் தொடர்ச்சியாகவே, உலகம் முழுவதும் பரவிய 1987ஆம் ஆண்டு ஆல்பம் வந்தது. தங்களைப் போலவே ஒலிக்கும் குழுக்களோடு வேலை செய்தவரையே தேடுவது புதியவர்களின் வழக்கம். என் கருத்தில் அது தவறான அளவுகோல். உங்களிடம் ஏற்கெனவே இருப்பதை இன்னொருவர் கொண்டுவரத் தேவையில்லை.

ஒருவரின் பெயர் கிடைத்ததும், அவர் வெவ்வேறு குழுக்களுக்குச் செய்த மூன்று நான்கு ஆல்பங்களையாவது முழுமையாகக் கேளுங்கள். எல்லாக் குழுக்களும் ஒரே குரலில் பேசுவதுபோல் ஒலித்தால் அவர் தன் முத்திரையை விட்டுக்கொடுக்காதவர் என்று பொருள். அந்த முத்திரை உங்களுக்குப் பிடித்திருந்தால் தடையில்லை. அவரோடு வேலை செய்த குழுக்களில் ஒன்றிடமாவது பேசுங்கள். ஆல்பம் எப்படி வந்தது என்று கேட்க வேண்டாம். அதை நீங்களே கேட்டிருப்பீர்கள். சொன்ன நாளில் முடித்தாரா, பணத்தில் தெளிவாக இருந்தாரா, கருத்து மோதியபோது எப்படி நடந்துகொண்டார் ஆகிய மூன்றையும் கேளுங்கள்.

அவருக்கு அனுப்ப வேண்டியது வீட்டில் மாதக்கணக்கில் மெருகேற்றிய டெமோ அல்ல. பயிற்சி அறையின் நடுவில் ஒரு கைப்பேசியை வைத்துப் பதிந்த பதிவும், ஒரு மேடை நிகழ்ச்சியின் காணொளியும் இருந்தால், குழு உண்மையில் எப்படி வாசிக்கிறது என்பதை அவர் புரிந்துகொள்வார். முதல் சந்திப்புக்குக் குழுவினர் அனைவரும் போக வேண்டும். எங்கள் பாடல்களில் எது பலவீனமானது, அதை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். எல்லாமே அருமை என்பவரை விடவும், ஒரு பாடலின் நடுப்பகுதியே தேவையில்லை என்று சொல்லி உங்களைச் சற்றுக் காயப்படுத்துபவரை அதிகம் நம்பலாம். இரு தரப்புக்கும் தயக்கம் இருந்தால், உரிய கட்டணம் கொடுத்து ஒரே ஒரு பாடலை மட்டும் சேர்ந்து பதிந்து பார்க்கலாம்.

பணம், முடிவு, உரிமை ஆகிய மூன்றையும் எழுத்தில் வையுங்கள்

நண்பருக்கு நண்பர் என்ற முறையில் தொடங்கும் வேலைகளில்தான் ஒப்பந்தம் அதிகம் தேவைப்படுகிறது. இரண்டு பக்கங்கள் போதும். ஆனால் கையெழுத்து வேண்டும்.

கட்டணத்துக்குப் பொதுவாக இரண்டு வழிகள் உள்ளன. ஒரு பாடலுக்கு, ஒரு நாளுக்கு அல்லது முழு ஆல்பத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகக் கொடுப்பது முதல் வழி. முன்பணத்தோடு விற்பனையில் ஒரு சதவீதத்தை ராயல்டியாகக் கொடுப்பது இரண்டாவது வழி. அமெரிக்க, பிரிட்டிஷ் இசை நிறுவன ஒப்பந்தங்களில் இது பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதத்துக்குள் அமையும். நிர்வானா ஆல்பத்துக்கு அல்பினி 1,00,000 டாலரை ஒரே தொகையாகப் பெற்றுக்கொண்டு, ராயல்டி வேண்டவே வேண்டாம் என்று மறுத்தார். குழாய் பழுதுபார்ப்பவருக்குக் கொடுப்பதுபோல் செய்த வேலைக்கு மட்டும் கூலி கொடுங்கள் என்பது, குழுவுக்கு முன்கூட்டியே அனுப்பிய நீண்ட கடிதத்தில் அவர் விளக்கியிருந்த நிலைப்பாடு. இதற்கு நேர்மாறான நிலையில் இருந்தவர் பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். பீட்டில்ஸ் ஆல்பங்கள் கோடிக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தபோது, இ.எம்.ஐ. இசை நிறுவனத்தின் சம்பள ஊழியராக இருந்ததால் அவருக்கு அந்த விற்பனையில் பங்கில்லை. 1965இல் அவர் விலகித் தனி நிறுவனம் தொடங்கியதற்கு இதுவே முக்கியக் காரணம். சிறிய குழுக்களுக்கு நான் பரிந்துரைப்பது ஒரே தொகை முறைதான். இன்றைய ஸ்ட்ரீமிங் வருவாயில் சில சதவீதத்தைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் ஒருவருக்கு அனுப்பிக்கொண்டிருப்பது இரு தரப்புக்கும் சுமை.

எந்த முறையானாலும், தொகையை மூன்று தவணையாகப் பிரித்து, கடைசித் தவணையை அனைத்துக் கோப்புகளும் கைக்கு வந்த பிறகு கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டுடியோ வாடகை, வெளியிலிருந்து வரும் கலைஞர்களின் ஊதியம், மாஸ்டரிங் (கலந்து முடித்த பாடல்களை வெளியீட்டுக்கு ஏற்ப இறுதியாகச் சீர்செய்வது) கட்டணம் ஆகியவை தயாரிப்பாளரின் தொகைக்குள் அடங்குமா என்பதும், மிக்சிங்கில் எத்தனை முறை திருத்தம் கேட்கலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

பணத்தை விடவும் கடுமையான சண்டைகள் இறுதி முடிவு யாருடையது என்பதில்தான் வருகின்றன. பீட்டில்ஸ் குழு 1969 ஜனவரியில் பதிந்து கிடப்பில் போட்டிருந்த பாடல்கள் 1970இல் ஃபில் ஸ்பெக்டர் என்ற புதிய தயாரிப்பாளரின் கைக்குப் போயின. குழுவின் பால் மெக்கார்ட்னி எழுதிய பியானோப் பாடல் ஒன்றின் மேல் அவர் பெரிய வயலின் குழுவையும் பெண்குரல் கோரஸையும் சேர்த்தார். மெக்கார்ட்னிக்கு அது வேலை முடிந்த பிறகே தெரியவந்தது. திருத்தக் கேட்டு அவர் எழுதிய கடிதத்துக்குப் பலன் இல்லை. குழுவின் கூட்டாண்மையைக் கலைக்கக் கோரி அவர் தொடுத்த வழக்கில் இந்தச் சம்பவமும் ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. அந்தச் சேர்க்கைகள் இல்லாத வடிவம் 1996இல்தான் வெளிவந்தது. ஆகவே, குழுவின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் எந்தக் கலவையும் இறுதியானதாகக் கருதப்படாது என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். குழு என்றால் நால்வருமா, பெரும்பான்மையா என்பதையும் எழுதுங்கள். பாடலை எழுதியவருக்கு மட்டும் மறுக்கும் உரிமை கொடுப்பதும் ஒரு வழி.

இந்தியாவில் பதிவு செய்பவர்கள் சட்டத்தின் ஒரு கூறைத் தவறாமல் கவனிக்க வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஓர் ஒலிப்பதிவின் ஆசிரியராகக் கருதப்படுபவர் அதன் தயாரிப்பாளர். அதை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொள்பவரே அந்தத் தயாரிப்பாளர் என்று 2ஆம் பிரிவு வரையறுக்கிறது. பணமும் முன்முயற்சியும் குழுவினுடையவை என்றால் அந்த இடம் குழுவுக்கே உரியது என்று வாதிடலாம்தான். ஆனால் வாதத்துக்கு இடம் வைக்காமல், ஒலிப்பதிவின் உரிமை குழுவுக்கே உரியது என்று வெளிப்படையாக எழுதிக்கொள்வது மேல். உரிமையை ஒருவருக்கு மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடப்படாத உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்கு மட்டும் என்றும், இடம் குறிப்பிடப்படாதது இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19ஆம் பிரிவு கொள்கிறது. தயாரிப்பாளர் ஒரு மெட்டையோ வரியையோ எழுதிச் சேர்த்தால் அவர் பாடலாசிரியர்களுள் ஒருவராகிறார். அந்தப் பங்கு எவ்வளவு என்பதைப் பாடல் பாடலாக, அன்றன்றே குறித்துக்கொள்ளுங்கள். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முன்தயாரிப்பு: ஆல்பத்தின் பெரும்பகுதி இங்கேதான் உருவாகிறது

ஸ்டுடியோவுக்குள் நுழைவதற்கு முன், தயாரிப்பாளர் உங்கள் பயிற்சி அறைக்கு வந்து, நீங்கள் வாசிப்பதைக் கேட்டு, பாடல்களைப் பிரித்துப் பார்க்கும் காலத்தை முன்தயாரிப்பு என்கிறோம். செலவைக் குறைக்க நினைக்கும் குழுக்கள் முதலில் கைவைப்பது இதில்தான். ஆனால் ஸ்டுடியோ நாள்களில் மூன்றில் ஒன்றைக் குறைத்தாவது இதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். பத்துப் பாடல்கள் என்றால் இரண்டு வாரங்கள் நியாயமான அளவு.

முதலில் எல்லாப் பாடல்களையும் அவருக்கு முன் ஒரே மூச்சில் வாசித்துக் காட்டுங்கள். தனித்தனியே கேட்கும்போது தெரியாதவை வரிசையாகக் கேட்கும்போது தெரியும். மெட்டாலிகாவின் புதிய பாடல்களைக் கேட்ட பாப் ராக், அவை எல்லாமே கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தியான ஈ-யிலேயே நிற்கின்றன என்று சுட்டிக்காட்டினார். அதற்குக் கீழே போக முடியாதே என்று குழுவினர் நினைத்திருந்தார்கள். சுருதியை ஒரு முழுச் சுரம் இறக்கி, டி-க்குக் கொண்டுபோகலாம் என்றார் ராக். அப்படி இறக்கிய பாடல் ஆல்பத்தின் மிகக் கனமான பாடல்களுள் ஒன்றாக அமைந்தது. ஆண்டுக்கணக்கில் ஒன்றாக வாசிக்கும் நால்வரின் காதுக்குப் படாதது, புதிதாக உள்ளே வந்தவரின் காதுக்கு ஒரே நாளில் பட்டது. அவருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி இதற்கானது.

அடுத்தது வேகம். ஒவ்வொரு பாடலையும் இப்போதைய வேகத்திலும், அதற்குச் சற்றுக் கீழும், சற்று மேலும் வாசித்துப் பதிந்து, மறுநாள் கேட்டு முடிவெடுங்கள். 1962இல் பீட்டில்ஸ் கொண்டுவந்த மெதுவான காதல் பாடல் ஒன்றை, இதே நிலையில் இது சோர்வாக இருக்கிறது, வேகத்தைக் கூட்டுங்கள் என்று ஜார்ஜ் மார்ட்டின் சொன்னார். வேகம் கூட்டிப் பதிந்த அந்தப் பாடல்தான் அவர்களுடைய முதல் பெரிய வெற்றி. முடிவான வேகத்தை நிமிடத்துக்கு இத்தனைத் தட்டு என்று எண்ணில் குறித்து, கிளிக் (ஹெட்போனில் அந்த வேகத்தில் சீராகக் கேட்கும் தட்டொலி) வைத்து வாசிக்க டிரம்மர் அப்போதிருந்தே பழக வேண்டும். மேடையில் கோரஸ் (பாடலில் திரும்பத் திரும்ப வரும் பகுதி) வரும்போது வேகம் இயல்பாகவே சற்றுக் கூடும் குழுவாக இருந்தால், கிளிக்கையும் அந்த இடத்தில் ஒன்றிரண்டு தட்டு கூட்டி அமைக்கலாம்.

சுருதியைப் பாடகரின் குரலுக்கு ஏற்ப முடிவு செய்யுங்கள். கிட்டார் கலைஞரின் விரல் வசதி இரண்டாவதுதான். பாடல் வரிகளைப் பற்றிப் பேசுவது எல்லாவற்றிலும் சங்கடமானது. மெட்டாலிகாவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டிடம், முக்கியமான ஒரு பாடலுக்கு அவர் எழுதியிருந்த வரிகளை இன்னும் நன்றாக எழுதலாம் என்று ராக்கும் குழுவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிக்கும் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் திருத்தி எழுதினார். வரிகளைப் பற்றிய பேச்சைத் தயாரிப்பாளரும் பாடகரும் மட்டும் தனியே உட்கார்ந்து பேசுவது நல்லது. மற்றவர்கள் முன்னிலையில் அது எளிதில் அவமானமாக மாறிவிடும்.

இன்னொரு கடினமான பேச்சும் இந்தக் கட்டத்திலேயே நடந்துவிட வேண்டும்: ஒருவரின் வாசிப்பு பதிவுக்குப் போதாது என்றால் என்ன செய்வது? 1962 ஜூனில் பீட்டில்ஸ் குழுவை முதன்முதலாகப் பதிந்த பிறகு, டிரம்மர் பீட் பெஸ்ட்டின் வாசிப்பு ஸ்டுடியோவுக்குப் போதாது என்று மார்ட்டின் கருதினார். குழுவினர் ஆகஸ்டில் அவரை நீக்கி ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்தார்கள். புதியவரும் செப்டம்பர் 11ஆம் தேதிப் பதிவுக்கு வந்தபோது, மார்ட்டின் தரப்பில் ஆன்டி ஒயிட் என்ற தொழில்முறை டிரம்மரை ஏற்பாடு செய்திருந்தார்கள்; ரிங்கோவின் கையில் தாம்பூரின் போன்ற சிறு தாளக் கருவிகள்தான் மிஞ்சின. அந்த மனக்குறை ரிங்கோவுக்கு நெடுநாள் இருந்தது. வெளிக் கலைஞரை அழைக்கலாமா, எந்தச் சூழ்நிலையில் அழைக்கலாம், யார் அனுமதியோடு என்பதை முன்தயாரிப்பின்போதே எல்லோர் முன்னிலையிலும் பேசி முடித்துவிடுங்கள்.

இந்தக் காலத்தின் முடிவில் ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு தாள் இருக்க வேண்டும். அதில் வேகம், சுருதி, பகுதிகளின் வரிசை, ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை தாளவட்டம், யார் எங்கே வாசிக்கவில்லை என்பவை இருந்தால் போதும். கடைசியில் சொன்னதை யாரும் எழுதுவதில்லை. ஸ்டுடியோவில் அதிக நேரத்தை மிச்சப்படுத்துவது அதுதான்.

ஸ்டுடியோவில்

போவதற்கு முன் செய்ய வேண்டியவை சில. டிரம்ஸின் தோல்களை மாற்றிச் சுருதி சேர்க்க வேண்டும். கிட்டார்த் தந்திகளை முந்தின நாளே மாற்றி இழுத்துப் பழக்க வேண்டும். கிட்டாரின் மேல் சுரங்கள் சுருதி விலகாமல் இருக்கின்றனவா என்று பழுது பார்ப்பவரிடம் காட்ட வேண்டும். மிதிக்கருவிகளுக்கு மாற்று அடாப்டரும் கேபிள்களும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு டேக்குக்கும் முன் சுருதி பாருங்கள். பதிந்த பிறகு கணினியில் சரிசெய்துகொள்ளலாம் என்பது உரத்த, கரகரப்பான கிட்டார் ஒலியில் எளிதாக நடப்பதில்லை.

முதல் நாளின் பெரும்பகுதி டிரம்ஸ் ஒலியை அமைப்பதிலேயே போகும். வேலை நடக்கவில்லை என்று பதற வேண்டாம், அதுவும் வேலைதான். அந்த நேரத்தில் மற்றவர்கள் கட்டுப்பாட்டு அறையில் கூட்டம் போடாமல் இருப்பதே பெரிய உதவி. பிறகு ஒவ்வொருவருடைய ஹெட்போனிலும் அவரவருக்குத் தேவையான அளவுகள் வருகின்றனவா என்று பொறுமையாகச் சரிபாருங்கள். வாசிப்பவருக்குத் தன் ஒலி சரியாகக் கேட்கவில்லை என்றால், அவர் நன்றாக வாசிக்கவில்லை என்றுதான் வெளியே தெரியும்.

எல்லோரும் சேர்ந்து வாசிப்பதா, ஒவ்வொன்றாக அடுக்குவதா என்பதைத் தயாரிப்பாளரின் முடிவுக்கு விட்டுவிடலாம். ஆனால் காரணத்தைக் கேளுங்கள். மெட்டாலிகா அதற்கு முன்பெல்லாம் டிரம்ஸையும் ரிதம் கிட்டாரையும் முதலில் பதிந்து, மற்றவற்றைப் பிறகு சேர்த்தது. ராக் நால்வரையும் ஒரே நேரத்தில் வாசிக்க வைத்தார். அந்தச் சேர்வாசிப்பிலிருந்து இறுதிப் பதிவுக்கு நேரடியாகப் போனது கொஞ்சம்தான் என்றாலும், டிரம்மரின் கையில் மேடையின் உணர்வு வர அது உதவியது. கிட்டாரைப் பதியும்போது, ஆம்ப்ளிஃபயரின் முன் வைத்த மைக்கோடு, கிட்டாரிலிருந்து நேரடியாக வரும் தூய ஒலியையும் தனித் தடத்தில் பதியச் சொல்லுங்கள். ஆம்ப்ளிஃபயரின் ஒலி பிறகு பிடிக்காமல் போனால், அந்தத் தடத்தை வேறொரு ஆம்ப்ளிஃபயர் வழியாக அனுப்பி மறுபடி பதியலாம். மீண்டும் வாசிக்கத் தேவையில்லை.

கருத்து மோதும்போது ஒரு விதியைக் கடைப்பிடியுங்கள்: பதிந்து பார்க்காமல் எந்த யோசனையையும் மறுக்கக்கூடாது. பெரும்பாலான யோசனைகளை வாய்ப்பேச்சில் மறுப்பதற்கு ஆகும் நேரத்தை விடப் பதிந்து பார்ப்பதற்கு ஆகும் நேரம் குறைவு. பதிந்து கேட்ட பிறகும் பிடிக்கவில்லை என்றால், தயாரிப்பாளர் வாதத்தை நீட்டாமல் விட்டுவிட வேண்டும் என்பது அதே விதியின் மறுபக்கம். நிர்வானாவின் 1991ஆம் ஆண்டு ஆல்பத்தில், ஒரே வரியை இரண்டு முறை பாடி ஒன்றின் மேல் ஒன்று வைப்பது போலித்தனம் என்று பாடகர் கர்ட் கோபெய்ன் மறுத்தார். அவருக்குப் பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் மேல் இருந்த மதிப்பை அறிந்த தயாரிப்பாளர் புச் விக், லெனனும் அப்படித்தான் பாடினார் என்று சொன்னதும் ஒப்புக்கொண்டார். அதே ஆல்பத்தில் மிக மெல்லிய பாடல் ஒன்று குழுவோடு வாசித்தபோது சரியாக வரவில்லை. கோபெய்ன் கட்டுப்பாட்டு அறையின் சோபாவில் சாய்ந்தபடி முணுமுணுப்பதுபோல் பாடிக் காட்டியபோது, விக் தொலைபேசி முதலானவற்றை அடக்கிவிட்டு அங்கேயே மைக் வைத்துப் பதிந்தார். நல்ல தயாரிப்பாளரை இப்படிப்பட்ட இடங்களில் அடையாளம் காணலாம்.

ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் அன்றைய கோப்புகளை வேறொரு வன்தட்டில் படியெடுங்கள். யூ2வின் 1987ஆம் ஆண்டு ஆல்பத்தில் ஒரு பாடல் முடிவில்லாமல் இழுத்துக்கொண்டே போனதில் வெறுத்துப்போன ஈனோ, புதிதாகத் தொடங்கினால்தான் உருப்படும் என்று அதன் நாடாவையே அழிக்கப் பார்த்தார். உடனிருந்த பொறியாளர் தடுத்துவிட்டார். அந்தப் பாடல்தான் இன்று ஆல்பத்தின் தொடக்கப் பாடலாக இருக்கிறது.

மிக்சிங்கும் ஒப்படைப்பும்

மிக்சிங் பொறியாளர் அனுப்பும் முதல் வடிவத்தை உடனே கேட்டு உடனே பதில் அனுப்பாதீர்கள். ஒரு நாள் விட்டு, நல்ல ஹெட்போனிலும், காரிலும், கைப்பேசியின் ஸ்பீக்கரிலும் கேட்டு, ஒவ்வொருவரும் குறிப்பெடுத்து, அவற்றை ஒருவர் தொகுத்து ஒரே பட்டியலாக அனுப்ப வேண்டும். நால்வரும் தனித்தனியே செய்தி அனுப்பினால், கிட்டாரைக் கூட்டு என்றும் குறை என்றும் முரண்பட்ட கட்டளைகள் போகும். குறிப்பு, 1 நிமிடம் 42ஆவது விநாடியில் குரல் டிரம்ஸுக்குள் மூழ்குகிறது என்பதுபோல் இருக்கட்டும். தன் கருவியின் அளவைப் பற்றித் தானே குறிப்பெழுதக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. மெட்டாலிகாவின் 1988ஆம் ஆண்டு ஆல்பத்தில் பேஸ் கிட்டார் கிட்டத்தட்டக் காதிலேயே விழாது. குழுவினர் சொன்னதால்தான் குறைத்தேன் என்று மிக்சிங் செய்த ஸ்டீவ் தாம்ப்சன் பிற்காலத்தில் கூறினார்.

தேவைப்பட்டால் மிக்சிங்கை வேறொருவரிடம் கொடுப்பதில் தவறில்லை. நிர்வானாவுக்காக விக் பதிந்த ஆல்பத்தை ஆன்டி வாலஸ் என்ற வேறொருவர் மிக்சிங் செய்தார். அல்பினியின் ஆல்பத்தில் இரண்டு பாடல்களை ஸ்காட் லிட் மறுபடி மிக்சிங் செய்தார், அதில் அல்பினிக்கு மகிழ்ச்சியில்லை. இப்படி நேரலாம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருந்தால் மனக்கசப்பு குறையும்.

மாஸ்டரிங்குக்கு அனுப்பும் கோப்பில் ஒலியை உரக்கச் செய்யும் லிமிட்டர் போடாமல் கொடுங்கள். மெட்டாலிகா மீண்டும் ஒரு புதிய தயாரிப்பாளரோடு, ரிக் ரூபினோடு, செய்த 2008ஆம் ஆண்டு ஆல்பத்தின் ஒலி, உரக்கக் கேட்பதற்காக அளவுக்கு மீறி நெருக்கப்பட்டு, சிதைந்திருப்பதாக ரசிகர்களே முறையிட்டார்கள். தன்னிடம் வந்தபோதே அது அப்படித்தான் இருந்தது என்றார் மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாடல்களையும் ஏறக்குறைய ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவந்தே ஒலிபரப்புகின்றன என்பதால், உரத்த மாஸ்டரால் இன்று பெரிய ஆதாயமும் இல்லை.

கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் கைக்கு வர வேண்டியவை: மாஸ்டர் கோப்புகள், குரல் இல்லாத வடிவங்கள், டிரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் எனப் பிரித்த ஸ்டெம்கள், எல்லாத் தடங்களும் அடங்கிய மூலக் கோப்புகள். வன்தட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளாமல், வேறொரு கணினியில் திறந்து, ஒவ்வொரு பாடலும் முழுமையாக ஓடுகிறதா என்று பாருங்கள். வாசித்தவர்கள், எழுதியவர்கள், பொறியாளர்கள், தயாரிப்பாளர் ஆகியோரின் பெயர்களை எப்படி அச்சிடுவது என்று எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்ட, எழுத்துகளும் எண்களுமாக 12 குறிகள் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு வேண்டும், விநியோகத் தளங்கள் பெரும்பாலும் அதைத் தாங்களே தருகின்றன. அந்தக் குறியீடுகளையும் ஒப்பந்தத்தையும் பாடல்வாரியான பங்கு விவரத்தையும் ஒரே கோப்புறையில் வைத்து, குழுவினர் ஒவ்வொருவரிடமும் ஒரு படி கொடுத்துவிடுங்கள்.